நாப்பது பக்கெட் பிஸ்தா பச்சை

கொஞ்சம் அக்கட்டால நவுந்துக்கங்க தம்பி. மடியில பொட்டலம் இருக்குது, நசுங்கிப் போயிரும். என்ன பொட்டலம்னு அப்பறமாச் சொல்றனுங்க. கலெக்டர் ஆபீசு ஸ்டாப்புதானே நீங்களும்? அப்ப முக்கால் மணி நேரம் இருக்குது. டவுன் பஸ்ஸு, கை காட்டுன எடமெல்லாம் நிப்பான்.

நமக்குத் தொட்டிக்கரைங்க. முனிசிபாலிட்டியில பன்னெண்டாவது வார்டு கவுன்சிலர். அதாவது, கவுன்சிலர் எங்கூட்டுக்காரி. ரெண்டும் ஒண்ணுதானுங்களே. வார்டைப் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிப்போட்டாங்க. நாமினேசன்ல தமயந்தின்னு எழுதுனோம். போஸ்டர்ல நாச்சிமுத்துங்கிற என் போட்டோவைப் பெருசா, அவ போட்டோவை ஸ்டாம்பு சைசுல போட்டோம். சனங்க கரெக்டாப் புரிஞ்சுக்கிட்டாங்க, ஜெயிச்சுட்டேன்.

அதா பாருங்க, முன்னால மூணாவது சீட்டு, சன்னலோரம், மாம்பழக் கலர் சேலை, மடியில செவப்பு ஃபைலு. அவதான். பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ஸு ஃப்ரீ. கவுன்சிலருக்கு டிக்கெட் கெடையாது, கவுன்சிலருக்கு யோசனை சொல்றவனுக்குப் பதினேழு ரூவா. என்ன நாயமுங்க இது?

மெயின் ரோட்டுல நாச்சிமுத்து பெயிண்ட்ஸ் பாத்திருப்பீங்களே? நம்ம கடைதான். இருவத்தெட்டு வருசம். எந்தச் செவுத்தைப் பாத்தாலும் இத்தனை லிட்டரு புடிக்கும்னு கண்ணு தன்னால அளந்துரும். கோயிலுக்குப் போனாக்கூட சாமியக் கும்பிடறதுக்கு முந்தி கோபுரத்தை அளந்துருவேன். தொழில் பக்தி அப்படி.

அந்தத் தொழில் பக்திதானுங்க வெனையாப் போச்சு.

எங்க ஊர்ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருக்குது. வெள்ளைக்காரன் காலத்துல முனிசிபாலிட்டியே கட்டுனது, நூத்திப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. பெரிய பெரிய தூணு, ஆள் ஒசரத்துக்குச் சன்னலு. தொட்டிக்கரையில பாதிப் பேரு அங்க பொறந்தவங்கதான். எம் பொண்ணு ரேணுகாவும் அங்கதான் பொறந்தா. பதினாலு வருசத்துக்கு முந்தி மேக்கூரை ஒழுகுதுன்னு பூட்டுனவங்க பூட்டுனவங்கதான். இப்ப புள்ளைத்தாச்சிங்க இந்தா நாம போற இதே ரோட்டுலதான் இருவத்தாறு கிலோமீட்டரு வரோணும். போன வருசம் எங்க வார்டுல ஒரு புள்ளைக்கு ஆட்டோவுலயே பொறந்துருச்சு. புள்ள பொழச்சுது. ஆனா தமயந்தி அன்னிக்கு ராத்திரி சோறு திங்கல.

எங்க சேர்மனுக்கு அந்த எடத்துமேல ஒரு கண்ணு. இடிச்சுப்போட்டு வணிக வளாகம் கட்டோணும்னு. அதுக்குள்ள தமயந்தி எங்கயோ தேடிப் புடிச்சுட்டா. பழைய பொதுக் கட்டடங்களைப் பழையபடியே புதுப்பிக்கறதுக்கு அரசாங்கத்துல ஒரு நிதி இருக்குதாம். முனிசிபாலிட்டி விண்ணப்பம் போட்டு, அவங்க ஆளு வந்து பாத்து எழுதுனா ஒண்ணரைக் கோடி. எழுதலைன்னா இடிக்கிற தீர்மானத்துல கை தூக்க முப்பது பேரு ரெடியா உக்காந்திருக்கான்.

இருவத்தெட்டுப் பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதுனா தம்பி. பத்தாவது படிச்சவ. போட்டோ ஒட்டி, வரைபடம் போட்டு. என்கிட்ட குடுத்து, "ஏனுங்க, ஒருவாட்டி படிச்சுப்போட்டுச் சொல்லுங்க"ன்னா. படிச்சேன். அதாவது, கையெழுத்துப் பக்கத்தைப் படிச்சேன். அவ கையெழுத்தை எப்பவும் நாந்தான போடறது? பிசகில்லாமப் போட்டேன். மீதி இருவத்தேழு பக்கத்துல என்ன இருந்துறப்போகுது?

தை மாசம் ஆபீசுல இருந்து போன் வந்துச்சு. சென்னையில இருந்து ஒரு இன்சினீரு மேடம் வெள்ளிக்கெழமை வர்றாங்க, கட்டடத்தைப் பாக்கறதுக்கு. அந்த வாரம் பாத்து தமயந்தி சென்னைக்குப் போயிட்டா, பொம்பளைக் கவுன்சிலருங்களுக்கு மூணு நாளு பயிற்சி. எப்பவும் அவளுக்குப் பதிலா நாந்தான் போவேன். இந்தத் தடவை, "பேரு போட்ட ஆளுதான் வரோணுமாம்"னு பேக்கைத் தூக்கிட்டா.

சரி, மூணு நாள் இருக்குது, ஆபீசரு வர்றாங்க. நீங்களே சொல்லுங்க, ஆபீசரு வர்றாங்கன்னா நாம என்ன பண்ணுவோம்? ரோட்டோரம் பிளீச்சிங் பவுடரு கோடு போடுவோம். மரத்துக்கு வெள்ளையடிப்போம். மந்திரி வந்தா பள்ளிக்கூடத்து ஓட்டைப் பெஞ்சைத் தூக்கி ஒளிச்சு வெப்போம். நான் புதுசாவா கண்டுபுடிச்சேன்? ஊரு நாட்டு வழக்கந்தானுங்களே.

பதினாலு பெயிண்டரை எறக்குனேன். கடை குடோன்ல நாப்பது பக்கெட்டு பிஸ்தா பச்சை கெடந்துச்சு. நல்ல கம்பெனி. என்னமோ சனங்களுக்கு ரசனை பத்தல, ரெண்டு வருசமா யாரும் கேக்கல. ஊருக்காகப் போனாப் போகுதுன்னு அத்தனையும் எடுத்துக் குடுத்துட்டேன், சல்லிக் காசு வாங்கல. இதை எத்தனை கவுன்சிலரு செய்வான்? விரிசல்ல எல்லாம் சிமெண்டை வெச்சு அடைச்சோம். செவுத்துக்குப் பிரைமரு ஒரு கோட்டு, பிஸ்தா பச்சை ரெண்டு கோட்டு. தூணுக்குக் கத்திரிப்பூக் கலரு. உள்ள முந்திக் கட்டில் போட்டிருந்த பெரிய ரூம்ல செவுரெல்லாம் யாரோ கிறுக்கி வெச்சிருந்தாங்க, கீறல் கீறலா, இடுப்பு ஒசரத்துக்கு. அசிங்கமா இருந்துச்சு. பெயிண்டருகிட்ட, "இதுக்கு மூணு கோட்டு போடப்பா"ன்னேன்.

வாசல்ல ரெண்டு வாழை மரம் கட்டுனேன். ஒரு கல்வெட்டும் செஞ்சு வெச்சுட்டேன், கருப்பு கிரானைட்டு, நாலடிக்கு ரெண்டரை அடி. நிதி வந்தப்பறம் செய்யலாம்தான், ஆனா கல்லு வெட்டறவன் ஆஃபர்ல தர்றேன்னான். "இக்கட்டடம் நாச்சிமுத்து அவர்களின் பெருமுயற்சியால் புதுப்பிக்கப்பட்டது." கீழ, எடம் இருந்த அளவுக்கு, "திருமதி தமயந்தி, கவுன்சிலர்."

வெள்ளிக்கெழமை ஜீப்பு வந்துச்சுங்க. வந்து, எங்களைத் தாண்டி நேராப் போயிருச்சு. நான் பின்னால ஓடறேன், கையில சால்வையோட. திருப்பத்துல போய் வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்தாங்க. எறங்குனாங்க பாருங்க பெனாசிர் மேடம். முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும், கையில நோட்டு. அவங்களுக்குப் பின்னாலயே தமயந்தி. பயிற்சியில ரெண்டு பேரும் பழக்கமாயி ஒரே வண்டியில வந்திருக்காங்க.

"பழைய ஆஸ்பத்திரி எங்கீங்க?"ன்னு மேடம் கேட்டாங்க.

"இதுதானுங்க மேடம்!"

"போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே?"

"அது பழைய போட்டோங்க. எல்லாம் சரி பண்ணியாச்சு!"

மேடம் என்னைப் பாத்தாங்க, வாழை மரத்தைப் பாத்தாங்க. "சரி பண்ணியாச்சுன்னா அப்புறம் நிதி எதுக்குங்க?"ன்னாங்க.

இந்தக் கேள்வியை நான் எதிர்பாக்கலைங்க.

அப்பறம் செவுத்தை வெரல்ல தட்டித் தட்டிப் பாத்தாங்க. இது சுண்ணாம்புச் செவுராம், மூச்சு விடோணுமாம். பிளாஸ்டிக் பெயிண்டை அடிச்சு, விரிசல்ல சிமெண்டு வெச்சு அடைச்சா உள்ள ஈரம் தங்கிச் செவுரே வீணாப் போயிருமாம். நூறு வருசமா நட்டுக்குத்தலா நிக்கிற செவுத்துக்கு இளைப்பு நோவுன்னு எனக்கு யாருங்க சொன்னா?

தமயந்தி நேரா அந்தப் பெரிய ரூமுக்குள்ள போனா. பின்னாலயே நாங்களும் போனோம். மேக்கால செவுத்துமேல உள்ளங்கையை வெச்சுக்கிட்டு நின்னா. பெயிண்டு இன்னும் சரியாக் காயல, கை பச்சையாயிருச்சு.

"ஏனுங்க, செவுரு எங்கீங்க?"ன்னா.

"செவுத்துமேலதான் கையி வெச்சிருக்கற?"ன்னேன்.

அப்பத்தான் மேடம் விண்ணப்பத்தை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைப் படிச்சுக் காமிச்சாங்க. அந்த ஆஸ்பத்திரியில பழனாத்தான்னு ஒரு ஆயாம்மா வேலை பாத்தாங்க. முப்பது வருசமா, ஒவ்வொரு பிரசவத்துக்கும் அந்தந்தக் கட்டிலுக்குப் பக்கத்துச் செவுத்துல கொண்டை ஊசியில கீறி வெப்பாங்களாம். தாய் பேரு, பையனா பொண்ணா, எத்தனை கிலோ, புருசன் பேரு. புருசன் பேரு எதுக்குன்னா, புள்ள பொறந்தா ஆயாம்மாவுக்கு ஜிலேபி வாங்கித் தரோணும், அது அங்க வழக்கம். யாரு குடுத்தா, யாரு டிமிக்கி குடுத்தான்னு ஞாபகத்துக்கு. ஊரு பொறந்த கதை மொத்தமும் அந்தச் செவுத்துல இருக்குது, வேற எந்த ஊருலயும் இப்படி ஒரு செவுரு கெடையாதுன்னு தமயந்தி எழுதியிருக்கா. விண்ணப்பமே அந்தச் செவுத்தை நம்பித்தான்.

ஏன் கண்ணு, இதை முதல் பக்கத்துல எழுதியிருக்கலாம்லன்னு கேட்டேன். கையில ஒட்டுன பச்சையை முந்தானையில தொடைச்சுக்கிட்டா.

மேடம் நல்லவங்க. போறப்ப சொன்னாங்க, "வைகாசியில மறுபடி வர்றேன். அந்த ஒரு சுவரு பழையபடி கெடைச்சா எழுதறேன். இரும்புல சுரண்டக் கூடாது, மெஷின் கூடாது, ஆசிட் கூடாது. ஈரச் சாக்கை ஒட்டி ஊற வெச்சு, மூங்கில் சிராயால மெல்ல உரிக்கணும்." இதைக் கேட்டதும் கூட நின்ன சேர்மனுக்கு மூஞ்சி பூராச் சிரிப்பு. வைகாசிக்குள்ள எங்க முடியும்னு.

பெயிண்டருங்களைக் கூப்புடறேன்னு போனை எடுத்தேன். தமயந்தி புடுங்கி வெச்சுட்டா. "நீங்க பூசுனதை நீங்களே எடுங்க"ன்னா. கல்யாணமாயி இருவத்தாறு வருசத்துல என்கிட்ட அப்படிப் பேசுனதில்ல. அன்னிக்கே இன்னொண்ணும் சொன்னா, இனிமே அவ கையெழுத்தை அவளே போட்டுக்கறாளாம். போட்டா. பாத்தேன். நான் போடறதுதான் பாக்க நல்லா இருக்கும்.

அப்பறம் நானே மேற்பார்வைக்கு எறங்கிட்டனுங்க. மேற்பார்வை பாக்க வேற ஆளு இல்லாததுனால என்னை நானே பாத்துக்கிட்டேன். காலையில ஏழு மணிக்குப் போவேன், உச்சி வெயிலு வரைக்கும். கடையை மச்சான் பாத்துக்கிட்டான். நாலு மாசம். சாக்கை நனை, ஒட்டு, காத்திரு, சிராயை உள்ள விட்டு உரி. ஒரு நாளைக்கு ஒரு முழம். அந்தப் பெயிண்டு இருக்குதே தம்பி, எவ்வளவு நல்ல பெயிண்டுங்கறீங்க! நாலு மாசம் உரிச்சவன் சொல்றேன், அவ்வளவு சீக்கிரம் விடாது. கடையில இனிமே தைரியமாச் சொல்லி விப்பேன்.

கல்வெட்டு என்னாச்சுன்னு கேக்கறீங்களா? ஊட்டுப் பொறக்கடையில போட்டிருக்குது. நல்ல கிரானைட்டு, துணி தொவைக்க வாகா இருக்குது. அவளுக்கு மீட்டிங்கு, மனு, ஆபீசுன்னு நேரமில்ல. செவுத்துச் சுண்ணாம்பு படிஞ்ச என் துணியை நாந்தான் தொவைக்கிறேன். தினமும் எம் பேருமேலயே சோப்புப் போடறேன்.

மாசி கடைசியில எழுத்துத் தெரிய ஆரம்பிச்சுது. "பாப்பாத்தி. பையன். மூணு கிலோ. ரங்கசாமி. ஜிலேபி அரைக் கிலோ." "மும்தாஜ். பொண்ணு, பொண்ணு. ரெட்டை. அக்பர் அலி. ஜிலேபி ரெண்டு கிலோ, தங்கமான மனுசன்." படிக்கப் படிக்கச் சிரிப்புத்தான். விசயம் ஊருக்குள்ள பரவிருச்சு. சனங்க வேடிக்கை பாக்க வந்துட்டாங்க. எங்க அம்மா பேரு வந்துருச்சாங்க, எம் பேரு வந்துருச்சாங்கன்னு. ஒருத்தன் துபாயில இருந்து வீடியோ கால்ல பாத்து அழுதான். சேர்மன் பையன் பொறந்ததும் வந்துச்சு. "ஜிலேபி கால் கிலோ. அதுவும் நேத்துப் போட்டது." அன்னியில இருந்து வணிக வளாகம்னு அவரு வாயே தொறக்கல. தொறந்தா ஓட்டுப் போயிரும்னு அவருக்குத் தெரியாதா?

நான் சும்மா இருப்பனா? வர்றவங்களுக்கெல்லாம் நின்னு வெளக்கம் சொன்னேன். நான் மட்டும் மூணு கோட்டு அடிச்சு மறைக்கலைன்னா இந்தச் செவுத்தை எவன் திரும்பிப் பாத்திருப்பான்? யோசிச்சுப் பாருங்க. ஒரு வகையில இதெல்லாம் நம்ம ஏற்பாடுதான்.

சித்திரை கடைசி வாரம், சன்னலோரத்துக் கட்டில் கெடந்த எடம். கடைசி ரெண்டு முழம். சாக்கை எடுத்துட்டுச் சிராயை விட்டேன், பெயிண்டு பட்டையாக் கழண்டு வந்துச்சு. கீழ தமயந்தின்னு இருந்துச்சு.

எனக்கு ஒரே குஷி. எம் பொண்ணு பொறந்த கதை! கண்டிப்பா எம் பேரு இருக்கும், செவுத்துலயே இருக்கும், கல்வெட்டு என்னத்துக்கு? மீதியை உரிச்சேன்.

"தமயந்தி. பொண்ணு. ரெண்டு கிலோ எழுநூறு. புருசன் வரலை. ஜிலேபி பாக்கி."

அவ்வளவுதான்.

நான் அப்ப கோவா போயிருந்தேன் தம்பி. டீலர் மீட்டிங்கு. பிரசவத்துக்கு இன்னும் பத்து நாளு இருக்குதுன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. புள்ள முந்திக்கிச்சு. போன்ல சொன்னாங்க. இன்னும் ரெண்டு நாளு டூரு இருக்குது, பணம் கட்டியாச்சு, பொறந்த புள்ள எங்க ஓடிப்போகுதுன்னு இருந்துட்டேன். வரும்போது சும்மாவா வந்தேன்? ரெண்டு கிலோ முந்திரிப்பருப்பு வாங்கிட்டு வந்தேன். தமயந்தி ஒண்ணுமே சொல்லல. ஒண்ணும் சொல்லலைன்னா ஒண்ணும் இல்லைன்னுதான நெனைப்போம்?

பக்கத்துல பாத்தேன், யாரும் இல்ல. பையில செவுத்து ஓட்டை அடைக்கிற புட்டி டப்பா இருந்துச்சு. தொழில்காரன் பையில புட்டி இல்லாம இருக்குமா? ஒரு வெரல் எடுத்து இழுத்து விட்டா அந்த ஒரு வரி போயிரும். செவுத்துல ஆயிரம் வரி இருக்குது, ஒண்ணு போனா யாருக்குத் தெரியும்? மூடியைத் தொறந்துட்டேன். பொய் சொல்ல மாட்டேன். வெரல்லயும் எடுத்துட்டேன்.

"அதை மட்டும் விட்டுருங்க"ன்னு பின்னால கொரலு. தமயந்தி. சோத்துத் தூக்கோட வந்து நிக்கறா.

"மூணு நாளு அதைப் பாத்துட்டேதானுங்க படுத்திருந்தேன்"னா. கோவமாச் சொல்லல. ஊட்டுல பாலு தீந்துருச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னா. தூக்கை வெச்சுட்டு மீட்டிங்குக்குப் போயிட்டா.

இருவத்திநாலு வருசம் தம்பி. ஒரு நாளு அதைச் சொல்லிக் காமிச்சதில்ல. நான் அந்தக் கட்டில் இருந்த எடத்துல தரையில உக்காந்துட்டேன். வெக்கமா இருந்துச்சு. அவ சத்தம் போட்டிருந்தா நானும் நாலு போட்டிருப்பேன், தீந்திருக்கும். அன்னிக்குச் சோறு எறங்கல எனக்கு. வெரல்ல இருந்த புட்டி காஞ்சு கல்லாட்டம் ஆயிருச்சு, அதோடயே ஊட்டுக்குப் போனேன்.

வைகாசியில மேடம் வந்தாங்க. செவுத்தை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் படிச்சாங்க. சன்னலோரம் வந்ததும் நின்னு, ஊரே கூடி நிக்கறப்ப, சத்தமாப் படிச்சாங்க, "புருசன் வரலை, ஜிலேபி பாக்கி." எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. மேடத்துக்கு எந்தத் தமயந்தின்னு தெரியாது. ஊருக்கெல்லாம் தெரியும்.

நிதி வர்ற மாதிரிதான். எழுதிக் குடுத்துட்டாங்க. இன்னிக்குக் கலெக்டரு கையெழுத்து, அப்பறம் சென்னை. அந்தச் செவப்பு ஃபைலுக்கு முதல் பக்கத்துல ஒரு போட்டோ ஒட்டியிருக்குது, ஆயிரம் வரியில ஒரு வரியை மட்டும் பெருசு பண்ணி. எந்த வரின்னு நான் சொல்லோணுமா? எதுக்குடி அதுன்னு கேட்டேன். "அதுதாங்க எழுத்து நல்லாத் தெளிவா இருக்குது"ங்கறா. கலெக்டரு பாக்கற பேப்பர்ல நாம வரோணும்னு எத்தனை வருசம் ஆசைப்பட்டிருப்பேன்! வந்துட்டேன் பாருங்க. பேரு இல்லாம. பொண்ணு போன் பண்ணி, "அப்பா, உன்னைப் பாதுகாக்க அரசாங்கம் ஒண்ணரைக் கோடி குடுக்குதாம்"னு சிரிக்கிறா.

பொட்டலமா? ஆமா, சொல்றேன்னேன்ல. ஜிலேபிங்க. ரெண்டு கிலோ. காலையில கடையில நின்னு, சூடாப் போட்டு வாங்குனது. பழனாத்தா ஆயாம்மா கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால மக ஊட்டுல இருக்காங்களாம், எம்பது வயசு. சக்கரை வியாதியாம், திங்க மாட்டாங்களாம். பரவால்லைங்க. கையில வாங்கிக்கிட்டா போதும்.

தமயந்திகிட்ட நான் சொல்லல, ஆபீசு வேலையா வர்றேன்னுதான் சொல்லி ஏறுனேன். ஆனா பஸ்ஸுல ஏறறப்ப பொட்டலத்தை ஒரு பார்வை பாத்தா. எண்ணெய் ஊறியிருக்குது பாருங்க, வாசமும் அடிக்குது. ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலைன்னா ஒண்ணும் இல்லைன்னு இப்ப நான் நெனைக்கறதில்ல.

மேடத்துகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன் தம்பி. ஜிலேபியைக் குடுத்துட்டா, அந்த வரிக்குப் பக்கத்துல ஆயாம்மா கையாலயே ஒரு சின்னக் கீறல் போட்டுக்கலாமுங்களா, வந்துருச்சுன்னு. மேடம் பதறிட்டாங்க. அய்யய்யோ, இனி அந்தச் சுவத்தை யாரும் தொடவே கூடாதுங்க, இருக்கறது இருக்கறபடிதான் காப்பாத்தணும், அதுதான் ரூல்சுன்னுட்டாங்க. கண்ணாடி போட்டு மூடறாங்களாம். இன்னும் நூறு வருசத்துக்கு அப்படியே இருக்குமாம்.

இந்தா, எந்திரிச்சுட்டா. திரும்பிப் பாக்கறா. கொஞ்சம் வழி விடுங்க தம்பி, பொட்டலம் நசுங்காம.